ஏரிக்கரையில் போன குழந்தை

"லொக்காலே, ஆட்டை நிறுத்து! ஒண்ணுகூட கீழ இறங்கக் கூடாது!"

அசெக்கோன் போட்ட சத்தத்தில் பதினெட்டு ஆடுகளும் அப்படியே நின்றன. அவளுடைய தம்பி லொக்காலேயும்தான்.

"என்னக்கா, பாம்பா?"

"தடம்டா. சின்னக் குழந்தையோட தடம்."

முந்தின நாள் மழையில் ஓடை பெருகி, கரையை அரித்துவிட்டிருந்தது. வெள்ளம் வடிந்த இடம் ஈரத்தில் பளபளத்தது. அங்கே பெரிய காலடிகள். பக்கத்திலேயே சின்னக் காலடிகள்.

துர்க்கானா ஏரிப் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் தடத்தைப் படித்துவிடுவார்கள். குளம்பைப் பார்த்தே இது யார் வீட்டு ஆடு என்று சொல்வார்கள். மனிதர்களின் காலடியும் அப்படித்தான்.

"யாரு வீட்டுப் புள்ள?"

"தெரியலையே. இந்தக் கால் நம்ம ஆளுங்க யாருதும் இல்ல."

கொஞ்ச தூரத்தில் சின்னக் காலடி விலகி, தனியாக ஏரியைப் பார்த்துப் போனது. அசெக்கோன் எக்கி ஏரிப் பக்கம் பார்த்தாள். ஏரியில் முதலைகள் உண்டு.

"தொலைஞ்சு போச்சுடா அது!"

"உனக்கு எல்லாமே தொலைஞ்ச மாதிரிதான் தெரியும். போன வாரம் குட்டியைக் காணோம்னு ஊரையே கூட்டினே. அது உன் பின்னாடியே நின்னுச்சு!"

"வாயை மூடிட்டு ஆட்டை மேட்டு வழியா ஓட்டு."

"அவ்ளோ தூரம் சுத்தியா? வெயில்ல செத்துருவேன்!"

"சாக மாட்டே. போ."

அசெக்கோன் தடத்துக்குப் பக்கவாட்டிலேயே நடந்தாள். பத்துப் பன்னிரண்டு அடி போனதும் தடம் கரை மண்ணுக்குள் புகுந்து மறைந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து தடத்தின் ஓரத்தை நகத்தால் கீறினாள். புதுத் தடம் என்றால் பொலபொலவென்று உதிரும். இது உதிரவில்லை. நகம்தான் வலித்தது.

கல்!

மேட்டுக்கு அந்தப் பக்கம், பழங்கால எலும்பு தேடுகிறவர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். அவள் ஓடிப் போய் அவர்களில் ஒருத்தியான நெகேசாவை அழைத்து வந்தாள். தடத்தைப் பார்த்ததும் நெகேசா அப்படியே மண்டி போட்டுவிட்டாள்.

"இது மேல யாராவது நடந்தாங்களா?"

"தடத்து மேல யாராவது நடப்பாங்களா?" என்றாள் அசெக்கோன். "கல்லா இருந்தா என்ன? சீக்கிரம் வாங்கக்கா, குழந்தையைத் தேடணும்."

"அந்தக் குழந்தை இந்த வழியா போயி பதினஞ்சு லட்சம் வருஷம் ஆச்சும்மா."

அசெக்கோன் எண்ணிப் பார்க்க முயன்றாள். அவளுக்குத் தெரிந்த எல்லா ஆடுகளையும், எல்லா மழைகளையும் சேர்த்தாலும் எட்டவில்லை.

"இவங்களை மாதிரி ஆளுங்கதான் மொத மொதல்ல இந்தக் கண்டத்தை விட்டு வெளிய போனாங்க" என்றாள் நெகேசா. "செருப்பு கிடையாது. வழி சொல்ல ஆள் கிடையாது. தலைமுறை தலைமுறையா நடந்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்கு அப்புறம் நம்மள மாதிரி ஆளுங்களும் இங்கேருந்துதான் கிளம்பினாங்க. பனி கொட்டுற நாடு வரைக்கும் நடந்தே போயிட்டாங்க."

அசெக்கோன் அந்தச் சின்னக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா. இந்தக் குழந்தை கிடைச்சுதா?"

நெகேசா தடம் மறைந்த கரை மண்ணைத் தடவிப் பார்த்தாள். "தெரியலையே" என்றாள் மெதுவாக.

மூன்று நாள் கூடாரத்து ஆட்கள் கரை மண்ணைத் தூரிகையால் தள்ளித் தள்ளி எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய காலடி திரும்பவும் வந்தது. நீளமான எட்டுகள். ஓடி வந்த கால்! அது சின்னக் காலடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்கப்புறம் சின்னக் காலடியே இல்லை.

நெகேசாவின் முகம் வாடியது. "குழந்தையோட தடம் இதோட முடிஞ்சிருச்சு."

அசெக்கோன் பக்கவாட்டில் நடந்து பார்த்தாள். மறுபடியும் வந்து பார்த்தாள்.

"முடியலக்கா. பெரிய காலைப் பாருங்க. இங்கேருந்து குதிகால் ஆழமாப் பதியுது. எட்டும் குட்டையாயிருச்சு. சுமை ஏறிருக்கு. தூக்கிக்கிட்டாங்க!"

நெகேசா அளந்தாள். இன்னொரு தடத்தையும் அளந்தாள். அப்புறம் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேட்டிலிருந்து லொக்காலே கத்தினான். "அக்கா! அந்தப் புள்ள கிடைச்சுதா, இல்லையா?"

"கிடைச்சிருச்சுடா! இடுப்புல உக்காந்து போகுது!"

லொக்காலே தன்னை அறியாமல் ஏரிக்கரையை எட்டிப் பார்த்தான், யாரோ இப்போதுதான் அந்தப் பக்கம் போனது போல.