ஸ்டாண்டுக்குக் கீழே

மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்துக்குள் நான் நுழைந்தபோது காலை பத்து மணி. லிஃப்டுக்குக் கரண்டை வெட்டிவிட்டார்கள், நடந்துதான் ஏற வேண்டும் என்று வாட்ச்மேன் சொன்னார். இடித்துக் கட்டப் போவதால் எல்லாரும் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் மட்டும் இன்னும் சாவியை ஒப்படைக்கவில்லை. வழியெல்லாம் கதவில்லாத வாசல்கள். கதவுகளைத்தான் முதலில் கழற்றி விற்பார்கள். உள்ளே இருட்டுகூட இல்லை, நல்ல வெயில் விழுந்திருந்தது. ஆனாலும் நான் எந்த வாசலுக்குள்ளும் பார்க்காமல் ஏறினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் இருப்பதை ஒரே சொடுக்கில் எடுக்கும் கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். அது தரும் படம் நீளமான பட்டையாக இருக்கும். அதன் இரண்டு ஓரங்களையும் வளைத்து ஒட்டினால் தரை நடுவில் உருண்டையாகத் திரண்டுவிடும். சுவர்களும் ஜன்னல்களும் மனிதர்களும் அந்த உருண்டையின் மேல் நாலாபுறமும் நிற்பார்கள். வீடு ஒரு குட்டி பூமியாகிவிடும். இடிபடப் போகும் வீடுகளுக்கு இப்படி ஒரு படம் வேண்டுமென்று நிறையப் பேர் கேட்கிறார்கள்.

படத்தின் நட்டநடுவில் கேமரா ஸ்டாண்டின் கால்கள் தெரியும். பக்கத்துத் தரையை நகலெடுத்து அதன் மேல் ஒட்டி மறைத்துவிடுவேன். மூன்றாவது மாடிக்காரர் வேங்கடசுப்ரமணியன் போனில் இதைத்தான் இரண்டு முறை விசாரித்தார். ஸ்டாண்டுக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியாது என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

படம் கேட்டது அவர் மகன் நகுல். கனடாவில் இருக்கிறான். தான் பிறந்த வீட்டின் கூடம், அதில் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

கூடம் காலியாக இருந்தது. ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி. நான் பையை அதன் மேல் வைக்கப் போனபோது அவர் ஓடி வந்து தரையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். "இதுல வெச்சுக்கோங்கோ" என்றார். என் பெயர் ஷைஸ்தா என்று அவருக்குத் தெரியும். பையைச் செய்தித்தாளில் வைத்தேன். எங்கும் பினாயில் வாடை. அதற்கு அடியில் மெலிதாக வேறொரு வாடை இருந்தது. சிறு வயதில் தாராவியில் ரேஷன் வரிசையில் நின்றபோது கேனிலிருந்து வரும் வாடை.

மண்ணெண்ணெய்.

கூடத்தின் நடுவில் கிடந்த பாயை அவர் காலால் தள்ளினார். "ஸ்டாண்டை இங்கதான் வைக்கணும்."

மொசைக் தரையில் கருகிய வட்டம் ஒன்று இருந்தது. ஒரு ஆள் கைகளை விரித்தால் எவ்வளவோ, அவ்வளவு அகலம். அதன் மத்தியில் இரண்டு இடங்களில் மட்டும் தரையின் பழைய வெளிர் நிறம் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன்.

இரண்டு பாதங்கள்.

சிறியவை. விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. சுற்றிலும் எரிந்தபோது யாரோ அங்கே நின்றிருக்கிறார்கள். நகராமல்.

நான் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடங்களாக மேலே கார்ப்பெட் கிடந்தது என்றார். நகுலுக்கு அப்போது இரண்டு வயது என்றார். பிறகு, விலாசம் சொல்வது போல, "என் ஆத்துக்காரி, ருக்கு. ஸ்டவ் வெடிச்சுடுத்து" என்றார்.

ஸ்டவ் சமையலறையில் இருக்கும். சமையலறை பத்தடி தள்ளி இருந்தது. நான் கேட்கவில்லை.

"நீங்கதானே சொன்னேள், ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கறது போயிடும்னு."

"ஆமா சார்" என்றேன்.

படமெடுக்கும்போது நான் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நானும் படத்தில் விழுந்துவிடுவேன். சமையலறைக் கதவின் பின்னால் போய் நின்றேன். எங்கள் வீட்டுக் கதவைப் போலவே அதுவும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் அதன் விளிம்பைப் பிடித்து நிறுத்திவிட்டு, வலது கையில் இருந்த போனில் கேமராவுக்கான பொத்தானை அழுத்தினேன்.

அன்று சாயங்காலம் ஆண்டாப் ஹில்லில் என் வீட்டில் படத்தைத் திறந்தேன். கதவின் விளிம்பில் என் நான்கு விரல்கள் விழுந்திருந்தன. சின்னதாகத்தான் தெரிந்தன, விட்டுவிட்டேன். தரைதான் பெரிய வேலை. பூப்போட்ட தரைக் கற்களை நான்கு மூலைகளிலிருந்தும் எடுத்து, வெயிலின் சாய்வு மாறாமல், கருப்பின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தேன். என் மகள் பரீஹா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, இது யாரு காலு?"

"காலு இல்ல. அழுக்கு" என்றேன்.

இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. தாணேயில் என் மாமியார் வீட்டில் நான் ஏழு வருடம் இருந்தேன். மணவிலக்குக்குப் பிறகு அந்த வீட்டில் என் பெயரைச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்ட அன்று நாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படிப்பட்டவள்தான் அந்தப் பாதங்களின் மேல் கல் வைத்தேன். முதலில் இடது, பிறகு வலது. வேலை முடிந்ததும் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். எங்கே ஒட்டினேன் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

செம்பூரில் வேங்கடசுப்ரமணியன் குடியேறியிருந்த புது ஃப்ளாட்டுக்குப் போய், வட்டச் சட்டம் போட்ட படத்தைக் கொடுத்தேன். மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கறையை மறைக்காத அசல் படத்தைத் தன் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும் என்றார். கேமராவிலும் வேறெங்கும் பிரதி இல்லையென்று என் மகள் மேல் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். அடுத்த திங்கட்கிழமை மாட்டுங்காவில் இடிப்பு தொடங்கியது.

புதன்கிழமை மத்தியானம் நகுலிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவனுக்குத் தமிழ் எழுத வராது. படம் ரொம்ப அழகாக இருக்கிறது, நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தான்.

"மேலே சுவரோரமா ஒரு மாமி நிக்கறாளே, அது யாரு?"

கோப்பைத் திறந்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், உருண்டையின் மேல், புடவைத் தலைப்பால் முக்காடிட்டு ஒரு பெண் நின்றாள். முகம் தெரியவில்லை.

ஒட்டு விழுவது அந்த இடத்தில்தான். பட்டைப் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடம். பட்டையை விரித்துப் பார்த்தேன். இடது கோடியில் நூல் போல ஒரு கருப்புக் கீற்று. வலது கோடியிலும் ஒரு கீற்று. நிழல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு கோடிகளையும் நான் வளைத்து ஒட்டிய பிறகுதான் அவை ஒரு பெண்ணாகியிருந்தன.

அவளைச் சேர்த்து வைத்தவள் நான்தான்.

வேங்கடசுப்ரமணியனும் போன் செய்தார். சுவரில் மாட்டிய படத்திலும் அவள் இருந்தாளாம். அவர் குரலில் மரியாதை போயிருந்தது. "யாரைம்மா சேத்திருக்கே இதுல? மொதல்ல அழி அவளை." வெறுஞ்சுவரை நகலெடுத்து அவள் மேல் ஒட்டினேன். இரண்டு நிமிட வேலை.

மறுநாள் அவள் ஒரு மணி இருக்கும் இடத்தில் நின்றாள்.

பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது மூன்று மணி இருக்கும் இடத்தில்.

எனக்குப் புரிந்துவிட்டது. நிற்க அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த இரண்டு பாதங்களின் இடம் மட்டும்தான். அதை நான் மூடிவிட்டேன். இனி எங்கே அழித்தாலும் அவள் அடுத்த இடத்துக்கு நகர்வாள். அழிக்காமல் விட்டால் நின்ற இடத்திலேயே நிற்பாள். இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

மூன்றாம் நாள் நான் அவளை மறுபடி அழித்தேன்.

யாரும் கேட்காமலேயே அழித்தேன். எனக்கு அந்தச் செய்தித்தாள் ஞாபகம் வந்தது. ஸ்டவ் என்று அவர் சொன்ன குரல் ஞாபகம் வந்தது. மறுநாள் அவள் இரண்டில் நின்றாள். தலைப்பு கொஞ்சம் விலகியிருந்தது. செம்பூரிலிருந்து போன் வந்தது. அவர் அழுதார். கிட்டே வந்துவிட்டாள் என்றார், பழையபடி வைத்துவிடு, அந்தக் கறையையே திரும்ப வைத்துவிடு என்றார். அசல் படம் இல்லையே சார், நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தேன். அன்றும் அழித்தேன். அப்படி ஒரு நிம்மதியை நான் பல வருடங்களாக அறிந்ததில்லை.

மறுநாள் அவள் அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் நின்றாள். ஒரு கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

நான் மடிக்கணினியை மூடிவிட்டு டீ போட்டுக் குடித்தேன். செய்தி வரட்டும் என்று காத்திருந்தேன்.

அடுத்த நாள் போன் வந்தது. அவரே பேசினார். குரல் லேசாகியிருந்தது, குளித்துவிட்டு வந்தவர் குரல் போல.

"என்னைத் தாண்டிப் போயிட்டா."

நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

"சமையலுள் கதவுல யாரோ விரல் தெரியறதே. உன்னோடதுதானே அது?"

வைத்துவிட்டார். அந்தக் கதவு இருந்தது ஆறு மணி இருக்கும் இடத்தில்.

நான் அழிக்கவில்லை. ஆனால் அவள் நான்கில் நின்றாள். முதல் முறையாக அவள் முகம் திரும்பியிருந்தது. முகம் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. மிச்சமிருந்தது என்னைப் பார்த்தது. படத்துக்குள் இருக்கும் என்னை அல்ல. திரைக்கு வெளியே இருந்த என்னை.

பஸ் பிடித்து மாட்டுங்காவுக்கு ஓடினேன். அந்தத் தரையை மறுபடி படமெடுத்துவிட்டால் அவள் இடத்தை அவளுக்குத் திருப்பித் தரலாம். மூன்றாவது மாடி இருந்த இடத்தில் வானம் இருந்தது. லாரியில் கல்லும் கம்பியும் ஏறிக்கொண்டிருந்தன. தரைக் கற்கள் எங்கே என்று கேட்டேன். நேற்றே வாஷிப் பக்கம் பள்ளம் நிரப்பப் போய்விட்டன என்றார் அதே வாட்ச்மேன்.

வீட்டுக்கு வந்து படத்தில் நானே வரைந்தேன். கருப்பு வட்டம், நடுவில் இரண்டு பாதங்கள். ஞாபகத்தில் இருந்தபடி, ஒவ்வொரு விரலாக. காலையில் திறந்தபோது பூப்போட்ட கற்கள் பளிச்சென்று இருந்தன. நான் ஒட்டியவைதான். என் வேலை அவ்வளவு சுத்தம்.

அவள் ஐந்தில் நின்றாள்.

நகுலுக்கு எல்லாவற்றையும் சொல்லி ஒரு குரல் செய்தி அனுப்பினேன். தரையில் என்ன இருந்தது, நான் அதை என்ன செய்தேன், எல்லாம். அவன் கேட்டுவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. மறுபடி அனுப்பப் போனபோது அவன் என்னைத் தடை செய்திருந்தான்.

என் விரல்களைப் படத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். சுட்டியை அவற்றின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். நான் அழிப்பது எதுவும் போவதில்லை என்று இப்போது தெரியும். அது வேறெங்கோ போய் நிற்கிறது.

அவர் நெருப்பு வைத்தார். அதற்காக அவள் அவரிடம்தான் போயிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் அவர் எரித்த பிறகும் முப்பது வருடம் அவள் அந்த வீட்டில் நின்றிருக்கிறாள். கார்ப்பெட்டுக்குக் கீழே, நாற்காலிகளுக்குக் கீழே, அவள் மகன் அதன் மேல் விளையாடி வளர்ந்திருக்கிறான். கடைசியில் அவனே அந்தக் கூடத்தின் படத்தைக் கேட்டான். அவன் கைக்கு அவள் போய்ச் சேரும் முன்பு, அழுக்கு என்று என் மகளிடம் சொல்லிவிட்டு நான் துடைத்துவிட்டேன்.

இன்று காலை பரீஹாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கோப்பைத் திறந்தேன்.

அவள் இல்லை.

பன்னிரண்டில் இல்லை, மூன்றில் இல்லை, ஐந்தில் இல்லை. கூடம் வெயிலோடு காலியாக இருந்தது. நாற்காலியில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. சமையலறைக் கதவைப் பெரிதாக்கினேன்.

விளிம்பில் நான்கு விரல்கள்.

அவற்றுக்குக் கீழே இன்னும் நான்கு.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. இப்போது மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்குப் பரீஹா வந்துவிடுவாள். பையைப் போட்டதும் தண்ணீர் குடிக்க நேராகச் சமையலறைக்குத்தான் ஓடுவாள். அதற்கு முன்னால் நான் எழுந்து அவளைக் கீழேயே நிறுத்த வேண்டும். ஆனால் எங்கள் வாசலுக்குப் போக வேண்டுமானால் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்கள் சமையலறைக் கதவுக்குக் கொக்கி கிடையாது. நாள் முழுக்கக் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் அதற்காக இரண்டு முறை சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

கீழே பரீஹாவின் குரல் கேட்கிறது. இன்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. படியேறுகிறாள்.

நல்ல காற்று. ஜன்னல் திரை படபடவென்று பறக்கிறது.

காலையிலிருந்து கதவு ஒரு முறைகூட அடிக்கவில்லை.