வடக்குக் கதவில் பச்சைப் பெயிண்ட்

பங்குக் கோயிலின் வடக்குக் கதவில் வெளிப்பக்கம் அடித்த பெயிண்ட் நான்கு நாளாகியும் காயவில்லை. மேல்பாதி அன்றைக்கே இறுகிவிட்டது. கீழ்ப்பாதிதான், ஓர் ஆள் தரையில் உட்கார்ந்தால் தலை வரும் உயரம் வரைக்கும், இப்போதுதான் அடித்ததுபோல் ஈரமாக, கோடு கோடாகச் சுரண்டப்பட்டு நின்றது.

"மூணாவது கோட்டு டீச்சர். ஒரே டப்பா, ஒரே பிரஷ். மத்த கதவெல்லாம் பளபளன்னு இருக்கு," என்றான் பெயிண்டர். நாற்பது வயதிலும் டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

"நாய் சுரண்டியிருக்கும்பா."

"நாய் சுரண்டினா அஞ்சஞ்சு கோடா விழுமா?"

"ஏழாம் வகுப்புல அஞ்சு வரைக்கும் எண்ண உனக்கு நாக்குத் தள்ளும். இன்னைக்கு மட்டும் சரியா எண்ணிட்டியா?"

சிரித்துக்கொண்டே சாப்பிடக் கிளம்பினான். ஆனால் சைக்கிளை எடுக்கும்போது அந்தக் கதவுப் பக்கம் அவன் முதுகைக் காட்டவில்லை. டீச்சர் அதைக் கவனித்தார்.

கணக்கு டீச்சருக்குப் பயமே கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், ஆஸ்பத்திரி வாசனைக்குப் பயம். பயந்துகொண்டே காரியத்தைச் செய்து முடித்துவிடுவார், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கோயிலின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுதித் தரச்சொல்லி அவரைக் கேட்டபோது, வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று பங்குச் சாமியாருக்குத் தெரியாது.

தெரிந்தபோது புத்தகம் அச்சுக்குப் போகிற நாள் வந்துவிட்டது. இன்று காலையில் சாமியார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அந்த ஒரு பக்கம் மட்டும் எடுத்துரலாமே டீச்சர்."

"எந்தப் பக்கம் சாமி?"

"உங்களுக்குத் தெரியும். ஆயர் வந்து கட்டின சாமியோட சிலையைத் திறக்கப்போறார். அவரைப் பத்தி இப்படி அச்சடிச்சு அன்னைக்கே எல்லார் கையிலயும் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப சிலையைத் தள்ளி வைங்க."

சாமியார் பெருமூச்சு விட்டார். "அஞ்சு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவர் அடிப்பார். அதுவரைக்கும் யோசிங்க." கெட்டவர் இல்லை அவர். நல்ல பெயர் எடுக்க ஆசைப்படுகிறவர், அதுதான் கோளாறு.

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். கோயிலைக் கட்டியவர் முதல் பங்குச் சாமியார். ஊருக்கு அவர் 'கட்டின சாமி'. கட்டிய ஏழாம் வருடம் ஆற்றுக்கு அக்கரையில் கொள்ளைநோய். அக்கரைக்காரர்கள் நோயோடு வந்து இந்தக் கோயிலின் வடக்கு வாசலில் விழுந்தார்கள். இறந்தோர் பதிவேட்டில் அந்த நாட்களில் நாற்பத்தொரு சாவு. ஒவ்வொரு வரிக்கும் நேரே, கட்டின சாமியின் அழகான கையெழுத்தில், 'அவஸ்தைப் பூசுதல் பெற்று இறந்தார்' என்று இருந்தது. சாகிறவர் நெற்றியில் சாமியார் எண்ணெய் பூசி அனுப்பிவைக்கிற சடங்கு அது. நாற்பத்தொரு முறையும் ஒரே மை, ஒரே சாய்வு. ஒரே மூச்சில், உட்கார்ந்து எழுதியது. ஒரு வகுப்பு முழுக்கக் காப்பியடித்த விடைத்தாளை முதல் பார்வையிலேயே பிடிக்கிற கண் டீச்சருக்கு.

இரண்டே மாதத்தில் கட்டின சாமியும் காலமானார். அடுத்து வந்தவர் கோயில் பொருட்களைக் கணக்கெடுத்து எழுதிய நோட்டில் இரண்டு தாள்கள் பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தன. டீச்சர் வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரித்தார். 'எண்ணெய்ச் சிமிழ் ஒன்று. இவ்வருடத்து அரக்கு முத்திரை உடைபடாமல் இருக்கிறது' என்றது முதல் வரி. அதற்குக் கீழே: 'நோயாளிகள் உள்ளே வராதபடி வடக்குக் கதவை அடைத்ததாக உபதேசியார் அழுது சொன்னார். இரண்டு நாள் தட்டினார்களாம். ஒரு தாய் மட்டும் எழுந்து நின்று ஜன்னல் கம்பி வழியே தன் ஆண் பிள்ளையை உள்ளே கொடுத்தாள். பிள்ளை உபதேசியார் வீட்டில் வளர்கிறது.'

டீச்சர் குடும்பத்துக்கு ஊரில் 'ஜன்னலார் வீடு' என்று பட்டப்பெயர். தாத்தாதான் ஊரிலேயே முதலில் கண்ணாடி ஜன்னல் வைத்தவர், அதனால் அந்தப் பெயர் என்று அப்பா சொல்லியிருந்தார். தாத்தாவை வளர்த்தது, சாமியாருக்கு உதவியாக ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் வீடு. நோட்டைப் படித்த அன்று டீச்சர் வெகுநேரம் அழுதார். பிறகு எழுதினார்.

இப்போது மணி இரண்டு. அலுவலக அறை முழுக்கப் பெயிண்ட் டப்பாக்கள் என்பதால் மேசையைக் கோயிலுக்குள்ளேயே, வடக்கு ஜன்னலோரம் வெளிச்சத்துக்காகப் போட்டிருந்தார்கள். இடப்பக்கம், உள்ளே கனத்த மரக்கட்டை குறுக்கே போட்டிருந்த அந்தக் கதவு. நூறு வருடப் பெயிண்டில் கொக்கியோடு ஒட்டிக்கிடந்த கட்டையைப் பெயிண்டர் இந்த வாரம்தான் சுரண்டி விடுவித்திருந்தான். வலப்பக்கம் பழைய பாவசங்கீர்த்தனக் கூண்டு, நடுவில் சாமியார் இருக்கை, ஓரத்தில் முழந்தாளிடும் பலகை, முன்னால் கணுக்கால் வரை தொங்கும் ஊதாத் திரை. யாரும் இப்போது அதில் பாவம் சொல்வதில்லை. உடைந்த மைக் ஸ்டாண்டை வைத்திருந்தார்கள்.

மேகம் இறங்கிப் பகல் மங்க, டர்பன்டைன் வாடையும் பழைய மெழுகின் வாடையும் கலந்து வெக்கையில் அசையாமல் நிற்க, எங்கோ உத்தரத்தில் ஒரு புறா மட்டும் கழுத்துக்குள்ளேயே எதையோ சொல்லிச் சொல்லி நிறுத்த, டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து பிழை பார்க்க உட்கார்ந்தார். வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்குப் பிழை தெரியும். அந்தப் பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்களையும் அச்சிட வைத்திருந்தார். முதல் பெயரைப் படித்தார்.

சர்ர்க்.

கதவுக்கு அந்தப் பக்கம். கீழே.

"யாரு?" என்று கேட்டார். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றம் காலி. வெள்ளைத் துணி சுற்றிக் கயிறு கட்டிய சிலை மட்டும் நின்றது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் ஒரு சாண்கூட இல்லை, கைக்குழந்தைதான் நுழையும்.

உட்கார்ந்தார். இரண்டாவது பெயர்.

சர்ர்க். கொஞ்சம் தள்ளி.

மூன்றாவது. நான்காவது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சுரண்டல், ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து, சில பலமாக, சில நகம் பிடிக்க வலுவில்லாததுபோல். பத்தாவது பெயரில் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் கேட்ட ஒழுங்கு அது. பெயரைக் கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்வது.

நிறுத்தியிருக்கலாம். பாதி வகுப்புக்கு மட்டும் வருகைப்பதிவு எடுத்துவிட்டுப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. நாற்பது பெயர்களையும் படித்தார். நாற்பது பேரும் பதில் சொன்னார்கள்.

நாற்பத்தொன்றாவது வரியில் பெயர் இல்லை. 'பெயர் அறியாத பெண்' என்று மட்டும். அதைப் படித்தபோது கதவு பேசவில்லை. ஜன்னல் கம்பி, அவர் காதுக்கு ஒரு முழ தூரத்தில், டங் என்று ஒருமுறை அதிர்ந்தது.

அவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசனை வந்தது. வாந்தியும் சுண்ணாம்பும் வேர்வையும். புறாவின் சத்தம் நின்றுவிட்டது.

வலப்பக்கம் முழந்தாள் பலகை கிறீச்சிட்டது.

திரைக்கு அடியில் இரண்டு சப்பாத்துகள். கறுப்புத் தோல். மண்டியிட்டவரின் கால்கள் போல அடிப்பாகம் வெளியே தெரிந்தது.

"என்னை ஆசீர்வதியும்," என்றது ஒரு குரல், பழைய ஜெபப் புத்தகத் தமிழில். "பாவியாயிருக்கிறேன்."

நான் சாமியார் இல்லை என்று சொல்ல நினைத்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"எனக்குப் பின் வந்தவர்கள் அந்தத் தாளை ஒட்டிவைத்தார்கள். நீரும் ஒட்டிவையும். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு பேர் நோயின்றி இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் சாகவில்லை. நீர் கணக்கு அறிந்தவர். கழித்துப் பாரும்."

கேட்காமலேயே மனம் கழித்தது. நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று போக எழுபத்தொன்று மிச்சம். கணக்கு கட்டின சாமி பக்கம்தான் சாய்ந்தது. அதுதான் டீச்சருக்குக் கோபத்தைக் கிளப்பியது. கோபம் வந்ததும் நாக்கு கழன்றது.

"விடை சரி," என்றார். குரல் நடுங்கினாலும் வகுப்பறைக் குரல்தான். "நடுவுல எழுதின ஸ்டெப்பு பொய். சிமிழ் முத்திரைகூட உடையலை, எண்ணெய் பூசினேன்னு நாப்பத்தொரு தடவை எழுதியிருக்கீங்க. கதவைச் சாத்தினது பயத்துல. அது எனக்குப் புரியும், நானும் பயந்தவதான். ஆனா அது பயத்துல எழுதினது இல்லை. நிதானமா, மை தொட்டுத் தொட்டு எழுதினது."

திரை அசைந்தது. "மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்லும். போதும்."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? கேக்க வேண்டியவங்க வாசல்ல உட்கார்ந்திருக்காங்க."

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தின் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காற்றில் பறக்காதபடி பெயிண்டர் விட்டுப்போன டப்பாவைத் தூக்கி மேலே வைத்தார். எழுந்தார். கதவை நோக்கி நடந்தார்.

"திறவாதேயும்."

கட்டையில் கை வைத்தார்.

"திறவாதேயும்." இப்போது அது கிசுகிசுப்பு இல்லை.

"நீங்க சாத்தினீங்க. நான் திறக்கறேன்." தோளைக் கொடுத்து நெம்பினார். கட்டை கொக்கியை விட்டு எழும்பித் தரையில் விழுந்தது. கதவு உள்பக்கமாகத் தானே நகர்ந்தது, வெளியே சாய்ந்திருந்த பாரம் தள்ளியதுபோல்.

மழை. முற்றம். துணி சுற்றிய சிலை. யாருமில்லை.

டீச்சர் மூச்சு விட்டார். பிறகு கீழே பார்த்தார்.

வாசற்படியில் ஒரு கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் படி நிறையக் கைகள்.

அவர்கள் தரையோடு வந்தார்கள். எழுந்து நிற்க வலுவில்லாதவர்கள். முழங்கையை ஊன்றி, துணி இழுபட, அவர் படித்த அதே வரிசையில். மணி அடித்து வகுப்புக்குள் வரும் பிள்ளைகளுக்கு விடுவதுபோல் டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார். ஒருவர் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை. எண்ண மட்டும் செய்தார். கண்ணை மூடினால் எண்ணிக்கை தப்பிவிடும்.

கூண்டை நோக்கிப் போனார்கள். அவசரமில்லை. திரைக்கு அடியிலிருந்த சப்பாத்துகள் சரேலென்று மேலே இழுத்துக்கொண்டன. உள்ளிருந்து ஒரு கை திரையின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்தது. முதல் ஆள் திரையின் அடியைத் தொட்டார். உள்ளே அழுகை. ஒரே ஒரு ஆளின் அழுகை.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

ஒன்று குறைந்தது.

ஜன்னலுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். நிற்கிறவள் அவள் ஒருத்திதான். இருபது வயதுகூட இருக்காது. ஜன்னலை விட்டு நகர்ந்தாள். வாசலில் தெரிந்தாள். உள்ளே வந்தாள். இரண்டு கைகளும் முழங்கை வரை சேர்ந்து, முன்னால் நீட்டியபடி விறைத்திருந்தன. கம்பிக்குள் விட்டவை விட்டபடியே. கூண்டுப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் பின்வாங்கவில்லை.

"உன் பிள்ளை நல்லா இருந்தான்மா," என்றார். "எண்பது வயசு. நான் அவன் பேத்தி. பக்கத்தை எழுதிட்டேன். நீ ஜன்னல்கிட்ட நின்னதையும் எழுதியிருக்கேன்."

அவள் கேட்டதுபோல் தெரியவில்லை. கை ஒன்று இறங்கியது. தரைக்கு ஒரு சாண் மேலே, தவழ்கிற பிள்ளையின் தலை இருக்கும் உயரத்தில் தடவிப் பார்த்தது. இல்லை. முழங்கால் உயரம். இல்லை. இடுப்பு. மெதுவாக, விட்டுவிட்டு, வருடம் வருடமாக அளந்துகொண்டு மேலே வந்தது. டீச்சரின் நரைத்த உச்சந்தலையில் நின்றது. குளிர்ந்த உள்ளங்கை. நகக்கண் ஒவ்வொன்றிலும் பச்சைப் பெயிண்ட், ஈரமாக.

தலையை ஒருமுறை வருடிக் கொடுத்தாள்.

பிறகு அந்த விரல்கள் முடியோடு சேர்த்து இறுக மூடிக்கொண்டன. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற தாயின் நிதானத்தோடு டீச்சரை இழுக்கத் தொடங்கின. திறந்த கதவின் பக்கம் இல்லை. ஜன்னலின் பக்கம். கம்பிகளின் பக்கம்.