மூச்சு விடாத ரெய்டு

மனைவி ஷண்முகப்ரியா காலையில் இறக்கி வைத்துவிட்டுப் போன டிகாஷனில் ஜவஹர் சூடான பாலை ஊற்றிக் கலந்தார். காபிக்கு வாசனையே இல்லை. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். ஆவி மட்டும் முகத்தில் அடித்தது. வெளியே அடையாறு மழையில் ஊறிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நாளில் ஆற்றுச் சேற்றின் நாற்றம் மூன்றாவது மாடிவரை ஏறி வரும். இன்று அதுவும் இல்லை.

விளக்கைப் போட்டார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உடனே அணைத்துவிட்டு, சாயங்கால மங்கலில் சோபாவில் சாய்ந்தார்.

அப்போதுதான் அந்த முணுமுணுப்பு கேட்டது. மழைச் சத்தத்துக்கு அடியில், மூடிய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், யாரோ வேகவேகமாக, ஒரே மூச்சில், கபடி கபடி கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பெண்கள் கபடி அணிக்குக் கோச் அவர். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். ஆனால் அந்தக் குரல் அவருக்குத் தெரியும். கொட்டிவாக்கம் குப்பத்துத் தேவானை. எதிரணிப் பக்கம் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பமாட்டாள். போன வருஷம் அரையிறுதியில் அவளைப் பிடித்துத் தூக்கிப் போட்டதில் பின்மண்டை தரையில் மோதியது. தள்ளாடிக்கொண்டு வந்தாள்.

"சார், தல கிர்ருனு சுத்துது. உங்க மூஞ்சியே கலங்கலா கீது."

"ஒண்ணும் இல்ல. கடைசி ரெய்டு. போ." முகத்தில் தண்ணீரை அடித்து அனுப்பினார். மறுபடியும் விழுந்தாள். அதன்பின் பல மாதம் ஜன்னல் அடைத்த அறையில், வெளிச்சம் பட்டாலே அலறிக்கொண்டு, பெற்றவளையே யாரென்று கேட்டுக்கொண்டு கிடந்தாள். விசாரணையில் அவள் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"எம் பொண்ணு உன்னாண்ட சொல்ச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு சார்."

"எதுவுமே சொல்லலம்மா," என்றார் ஜவஹர்.

போன வாரம் தேவானையைப் புதைத்தார்கள்.

கைபேசி அடித்தது. ஷண்முகப்ரியா.

"மயிலாப்பூர்லேர்ந்து வந்துட்டேன், கீழதான் இருக்கேன். என்னங்க, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியே."

"யாரோ கபடி சொல்றாங்களே. என் காதுக்குள்ளயே கேக்குது."

கைபேசி நழுவி விழுந்தது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

குரல் கூடத்துக்கு வந்துவிட்டது. ஈரமான வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. இடப்பக்கம். நின்றன. வலப்பக்கம். இருட்டில் ஒரு கை காற்றைத் துழாவியது. ஜவஹர் சுவரோடு ஒட்டினார். பாடி வருபவளுக்கு மூச்சு தீர்ந்தால் ஆட்டம் போச்சு. தீரும். இதோ தீரும்.

தீரவில்லை.

மூச்சு இருந்தால்தானே தீர.

பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தார். பனிக்கட்டி. அவள் உதறவில்லை. திமிறவில்லை. மெல்லக் குனிந்தாள். ஐந்து விரல்களும் அவர் பின்மண்டையில் பதிந்தன. தடவிக் கொடுப்பதுபோல.

ஆமா, சொன்னா, அவ என்கிட்ட சொன்னா என்று கத்த வாயைத் திறந்தார்.

கபடி.

கபடி கபடி கபடி. அவர் வாயிலிருந்துதான். நிறுத்த முடியவில்லை. காற்றை உள்ளே இழுக்க முடியவில்லை. நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. கபடி கபடி.

பூட்டு திரும்பியது. விளக்கு எரிந்தது. ஷண்முகப்ரியா குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவர் தோளை உலுக்கினாள்.

"என்னங்க! மூச்ச விடுங்க! மூச்ச விடுங்களேன்!"

அவள் முதுகுக்குப் பின்னால், சோபாவில், தேவானை உட்கார்ந்திருந்தாள். சொட்டும் ஜெர்சி. முழங்கால்மேல் கைகள். அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாய் மூடியிருந்தது.