முதலில் பூங்காவனம் போனாள்

"தலையை ஆட்டாதேடி!" என்று ஒரு குட்டு வைத்து, அம்மா பூங்காவனத்துக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டாள். அன்று மத்தியானம் அடுப்படியில் மயங்கி விழுந்த அம்மா பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அப்பா ஏகாம்பரம் தூங்குவதில்லை. லாரி ஓட்டவும் போவதில்லை. தெருக்கோடி டாக்டர்தான் சீட்டு எழுதிக் கொடுத்தார்: பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைகளில் வரும் டாக்டர் தேவதாஸ், மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர்.

அப்பா, மருந்து வாங்கக் கழுவிய, கிச்சாப் என்னும் சோயா சாஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வாம்மா, வீட்டுக்குப் போயிடலாம். உள்ளே போனா பைத்தியம்னு அடைச்சு வெச்சிடுவாங்க. அப்புறம் உன்னை யாரு பார்ப்பா?"

பூங்காவனம் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"நீங்க இருங்கப்பா. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அறைக்குள் வந்தவளை டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீதான் ஏகாம்பரமா?"

"அது எங்கப்பா. ஊசி எங்க இருக்கு?"

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். பேனாவும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும்தான் இருந்தன.

"அடைச்சு வைப்பீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "மாட்டேன். முக்கால் மணி நேரம் பேசுவோம். அப்புறம் உன்கூட வீட்டுக்கு வந்துடுவாரு."

"பேச்சே வரலைன்னா?"

"சும்மா உட்கார்ந்திருப்போம்."

"அழுதுட்டா?"

"அழட்டும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இன்னைக்கே சரியாயிடுமா?"

"ஆகாதும்மா. இன்னும் பல புதன்கிழமை வரணும்."

பூங்காவனம் வெளியே ஓடி வந்தாள். "ஊசி இல்லப்பா. பேச்சு மட்டும்தான். பேசாட்டியும் திட்ட மாட்டாராம். நாற்காலிதான் கொஞ்சம் ஆடுது."

"மருந்து?"

"கிடையாது. ஆனா அழுதா யார்கிட்டயும் சொல்ல மாட்டாராம்."

அப்பா மெல்லக் கேட்டார்: "கதவைப் பூட்டுவாரா?"

பூங்காவனம் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகினாள். "இப்போ எப்படிப் பூட்டுவாரு?"

அப்பாவின் உதடு லேசாக அசைந்தது. பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பேச்சு காதில் விழாதபடி, பூங்காவனம் ஒற்றைக் காலில் நொண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"பேசினீங்களா?"

"கொஞ்சம். அடுத்த புதன் வரச் சொன்னாரு."

"வருவோமா?"

"வருவோம்மா."

இருவரும் சாலையோரம் வந்து நின்றார்கள். நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆகியும் அவர்கள் வீடு இருக்கும் காஜா பேராங் போகிற பஸ்ஸின் வழக்கம் மாறவே இல்லை. அன்றும் இருபது நிமிடம் தாமதமாகத்தான் வந்தது.