தண்ணீரில்லாமல் சுற்றிய விசிறி

பல்பு மறுபடியும் மங்கியது.

தாவன் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வாத்து முட்டைகளில் காலையில் இருந்த சூடு இல்லை. தாய் வாத்தைக் காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போனதிலிருந்து இந்தப் பல்புதான் முட்டைகளுக்குத் தாய். இன்னும் ஓரிரு நாளில் குஞ்சு வரவேண்டும். அதற்குள் முட்டைகள் குளிர்ந்துபோனால்? நினைக்கவே அவளுக்கு அழுகை முட்டியது.

“அண்ணே! இன்னைக்கும் மத்தியானம் பேட்டரி இறங்கிருச்சு!”

சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த பெங் கண்ணைத் திறக்கவே இல்லை. “ஓடைப் பேய் குடிச்சிருக்கும். ஒரு உருண்டை சோறு வச்சுட்டு வா.”

“நேத்தே வச்சேன். மீன் தின்னுட்டுப் போயிருச்சு.”

“சரி, மீனுக்காவது நல்ல காலம்.”

லாவோஸின் அந்த மலைக் கிராமத்தில் மின்கம்பம் கிடையாது. வீட்டுக்கு வீடு ஓடையில் ஒரு சின்ன ஜெனரேட்டர் கட்டியிருப்பார்கள். எல்லோரும் அதைக் கடையில் வாங்கினார்கள். பெங் மட்டும் உடைந்த மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரைக் கழற்றி, நுனியில் விசிறியை மாட்டி, ஓடையில் இறக்கி, வீட்டுப் பேட்டரியோடு இணைத்துவிட்டான். ஊரே மெச்சியது. அன்றிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“மோட்டார் கரண்டைத் தின்னுதானே சுத்தும்? இது எப்படிண்ணே கரண்டு குடுக்குது?” என்று தாவன் அன்றே கேட்டிருந்தாள்.

“உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கு. கரண்டு விட்டா சுருள் சுத்தும். அது மோட்டார். நாம சுருளைச் சுத்திவிட்டா கரண்டு வரும். அது ஜெனரேட்டர். சாமான் ஒண்ணுதான், வேலைதான் வேற.”

அது நினைவுக்கு வர, தாவன் ஓடைக்கு ஓடினாள்.

நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச மேட்டு வயல் மாமா மத்தியானம் ஓடையைத் திருப்பிவிடுவார். கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு மூங்கில் இலை மிதந்த இடத்திலேயே மிதந்தது. ஆனால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது!

தாவனுக்குப் புல்லரித்தது. நிஜமாகவே பேயா? ஓடிவிடலாம் போல இருந்தது. முட்டைகளை நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

பள்ளியில் செய்த சோதனை ஞாபகம் வந்தது. ஆணியில் கம்பியைச் சுற்றி, டார்ச் பேட்டரியோடு இணைத்தார்கள். ஆணி காந்தமாகிக் குண்டூசிகளை இழுத்தது. பேட்டரியை எடுத்ததும் ஊசிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. கரண்டு இருக்கும்வரைதான் அந்தக் காந்தம். அப்படியென்றால் இந்தச் சுருளுக்கும் எங்கிருந்தோ கரண்டு வருகிறது. எங்கிருந்து? அவள் கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது நேராக அவர்கள் வீட்டுக்குள் போனது.

“அண்ணே, ஓடி வா!”

பெங் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். “அடியில நீரோட்டம் இருக்கும்டி.”

“அப்ப வெளிய தூக்கிப் பாரு.”

தூக்கினான். விசிறி நிற்கவில்லை. முன்பைவிட வேகமாகச் சுற்றி, அவன் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்தது.

“ஐயோ, பேய்!”

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல.” தாவன் கம்பியைக் கழற்றினாள். விசிறி நின்றது. “தண்ணி நின்னதும் உன் ஜெனரேட்டர் மோட்டாரா மாறிடுது. நம்ம பேட்டரியைக் குடிச்சுதான் சுத்துது!”

பெங் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டும் ஒண்ணுதான்னு நானே சொன்னேன். எனக்குத் தோணலையே! சரி, தண்ணி நின்னதும் கழட்டிருவோம்.”

“யாரு கழட்டறது? நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன். நீ வயல்ல இருப்ப.”

அவள் கண் கரையில் கிடந்த, மீன் பிடிக்கும் மூங்கில் பறிமேல் விழுந்தது. அதற்குள் மீன் நுழையலாம், திரும்ப முடியாது. பறியின் வாயில் உள்நோக்கி இருக்கும் குச்சிகள் விடாது.

“அண்ணே, கரண்டுக்கு இப்படி ஒரு பறி இருக்கா? பேட்டரிக்குள்ள போகலாம், திரும்பி வரக்கூடாது.”

பெங் அவளை உற்றுப் பார்த்தான். “இருக்குடி! டயோடுன்னு பேரு. ஸ்கூட்டர் சார்ஜர்லயே கிடக்கு!” என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அவன் அதைத் தேடி எடுத்துக் கம்பியில் இணைத்து, தண்ணீரும் திரும்ப வரும்வரை முட்டைகள் என்ன ஆவது? அம்மா அப்போதுதான் பசையரிசிச் சோற்றை வேகவைத்துக் கூடையில் கொட்டியிருந்தாள். தாவன் முட்டைகளைத் துணியில் சுற்றி, அந்தக் கூடையோடு சேர்த்து மடியில் அணைத்துக்கொண்டாள்.

“சோத்தோட முட்டையும் வெந்துரப் போகுது!” என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் சூடு அதிகமாகிவிடக் கூடாதே என்று அவளே முட்டைகளை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஓடையில் தண்ணீர் வந்தது. பல்பு எரிந்தது. மறுநாள் மத்தியானம் தண்ணீர் நின்றபோது விசிறியும் சமர்த்தாக நின்றது. பல்பு மங்கவே இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, பெட்டிக்குள்ளிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது. முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு ஈரத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. “அண்ணே, குஞ்சு!” என்று கத்தினாள் தாவன்.

மறுநாள் குஞ்சு, தவிட்டைத் தின்றுவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?” என்றான் பெங்.

“மோட்டார். தீனி போட்டா சுத்துது பாரு.”

“அடுத்ததுக்கு ஜெனரேட்டர்னு வைப்போமா?”

“அது முதல்ல சுத்தட்டும்ணே. பல்பு எரிஞ்சா வைப்போம்.”