அழித்த கோடு

கடல் விட்டுப்போகும் கோடு எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பாசியும் நுரையும் உடைந்த சிப்பியுமாக, குடித்துவிட்டு நடந்தவன் போன தடம் மாதிரி. அன்று விடியலில் அதிலிருந்து ஒரு நாக்கு மட்டும் தனியே நீண்டு, மணல்மேட்டைத் தாண்டி, விடுதியின் பின்பக்கம் திரும்பி, அவளும் மகளும் தங்கியிருந்த அறையின் வாசலில் வந்து நின்றிருந்தது.

விருந்தினர்கள் எழுவதற்குள் கரையை வாரிச் சுத்தமாக்குவது அவள் வேலை. கை பழகியதைச் செய்தது. நீளக்காம்பு வாரியை இழுத்து, வாசல்வரை கோடே இல்லாமல் ஆக்கினாள்.

"ராத்திரி தண்ணி இவ்வளவு தூரம் வந்துச்சாண்ணே?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"தண்ணியா? நான் பொட்டுக் கண்ணு மூடலையேம்மா," என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே. பிறகு வாரியைப் பார்த்தார். முகம் மாறியது. "அழிச்சிட்டியா? வாசலுக்கு வர்ற கோட்டை இங்க யாரும் தொடமாட்டாங்க. எதுவரைக்கும் வந்தோம்னு கடல் வச்சிட்டுப் போற அடையாளம் அது. அது இல்லேன்னா எங்க நிக்கணும்னு கடலுக்குத் தெரியாது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் வாயிற்கதவை நோக்கி நடந்தார்.

வேறு அறை கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றார் மேலாளர். மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாமென்றால் போக்கிடமில்லை. மாலையில் தானே பாசியை அள்ளிவந்து வாசலில் கோடு போட்டாள். கடலுக்கு அவள் கையெழுத்து தெரியுமா என்ன.

மகளைத் தூங்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விடிய விடிய வாசலிலேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. கிழக்கு வெளுத்ததும் போன உயிர் திரும்பியது. கதவைத் திறந்தாள்.

பாசி வாடையும் உப்புக் குமட்டலும், மூடியே கிடந்த தொட்டியைத் திறந்தது போன்ற குளிரும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. ஆனால் காலடியில் தரை காய்ந்திருந்தது, மிதியடி காய்ந்திருந்தது, கொடியில் கிடந்த சீருடைகூட மொடமொடவென்றுதான் இருந்தது. கண்ணை உயர்த்தினாள். நான்கு சுவரையும் சுற்றி ஒரு கோடு. பாசி. நுரை. சிப்பித்தூள். கட்டிலுக்கு வெகு மேலே.

"பாப்பா."

மகள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. போர்வையில் ஈரமில்லை. கூந்தல் மட்டும் தலையணையைத் தொடாமல் மேலெழுந்து, மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைந்துகொண்டிருந்தது.