மீன் கடைப் படத்தை எடுத்தது யார்?

"மறுபடியும் போச்சு!" என்று அப்பா மேசையைத் தட்டினார். மீன் கடை விளம்பரத்துக்காக அவர் வரைந்த படம் கணினியில் இல்லை.

அவர் பார்வை மெல்ல நகர்ந்து மூக்குக்கண்ணாடி போட்ட 'கண்ணாடி அக்கா'வின் முதுகில் போய் நின்றது. அப்பாவின் அச்சுக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அச்சு இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ வந்ததுலேருந்துதான் இந்தக் கூத்து," என்று அப்பா தன் மகள் வாண்டுவின் காதில் கிசுகிசுத்தார். "இன்னொரு படம் போகட்டும், நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுறேன்."

வாண்டுவுக்குச் சுருக்கென்றது. கணக்குப் பாடத்தில் அவள் முழிக்கும்போதெல்லாம் கைகொடுப்பது அந்த அக்காதான். ஆனால், அக்கா ஏன் அடிக்கடி அப்பாவின் கணினிப் பக்கம் போகிறாள்?

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும், வாண்டு தாள் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கினாள்.

அக்கா கணினி அருகே வந்தாள். வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அங்கிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"அட, தாள் கட்டுக்கு ரெட்டைச் சடை முளைச்சிருக்கே!" என்று சிரித்துவிட்டு வெளியே போனாள்.

பிறகு கணினி முன் வந்து உட்கார்ந்த அப்பா பேக்கரிக்கான படத்தை வரைந்து முடித்து மூடினார். ஃபோல்டரைத் திறந்து அந்தப் படத்தின் மேல் கிளிக் செய்தார். "எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சிருவோம். அவளை நம்ப முடியாது."

கன்ட்ரோலையும் 'டி'யையும் சேர்த்துத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்காமலே எழுந்தார்.

வாண்டு பார்த்தாள். படம் இரண்டாகவில்லை. மறைந்தே போயிற்று!

"அப்பா! காப்பி எடுக்க இதையா அழுத்துவீங்க?"

"ஆமா. படம் வரையறப்போ இதை அழுத்தினா ஒண்ணு ரெண்டாகும். தூக்கத்துல கூடச் செய்வேன்."

"அது வரையற சாஃப்ட்வேர்லப்பா. ஃபோல்டருக்குள்ள இதையே அழுத்தினா படம் அழிஞ்சிடுது!"

"சும்மா உளறாதே."

வாண்டு கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். பேக்கரி, மீன் கடை, தையல் கடை... காணாமல்போன படங்கள் எல்லாம் பத்திரமாகக் கிடந்தன.

"ஃபோல்டருக்குள்ள எப்போலேருந்து காப்பி எடுக்கிறீங்க?"

"அவ வந்ததுலே..." அப்பா மீதியை விழுங்கினார்.

கண்ணாடி அக்கா உள்ளே வந்தாள். "என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"படத்தை எல்லாம் அழிச்ச ஆளு கெடைச்சாச்சும்மா."

"யாரு?"

வாண்டு அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினாள். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அன்று அக்காவுக்கான டீயை அப்பாவே கொண்டுபோய் வைத்தார்.

"நாளைக்கும் வந்துடும்மா."

"வராம எங்க சார் போகப்போறேன்?" என்றாள் அக்கா.